ஆறுகள் சுமந்து வரும் மண்

ஐப்பசி மாதத்தில் எறையூரை அடுத்த சின்னாற்றில் புதுவெள்ளம் வரும்பொழுது அந்த ஜலத்தை ஒரு செம்பில் மொண்டு வந்து, கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் ஊற்றி, ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். விடிந்தபின் மேலே தெளிந்த நீரும், அடியில் மெல்லிய படலமாக வண்டலும், அதற்கும் கீழே சிறிது மணலும் நிற்பதைக் காணலாம். இந்தப் பரீட்சைக்குச் செலவு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துச் சிறுவனும் செய்யலாம். ஆயினும் உலகத்துப் பெரிய நதிகளின் சரித்திரத்தில் பெரும்பகுதி அந்தப் பாத்திரத்திற்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆறு என்றவுடன் நாம் தண்ணீரையே நினைக்கிறோம். உண்மையில் ஆற்றுக்குச் சுமை இரண்டு. நீர் ஒன்று, மண் மற்றொன்று. நீரைப் பற்றி வழக்காடாத ஊர் இல்லை. மண்ணைப் பற்றியோ வெகு சிலரே யோசிக்கின்றனர். ஆனால் எகிப்திலும் சீன தேசத்திலும் அமெரிக்காவிலும் நமது காவேரிக் கரையிலும் ஜனங்கள் வாழ்ந்ததும் தாழ்ந்ததும், ஆறு கொண்டுவரும் மண்ணை அவர்கள் கவனித்ததையும் கவனியாது விட்டதையும் பெரிதும் பொறுத்திருந்தன. இவ்விஷயத்தை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால் அது நமது ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானோம்.

இரு நதிகளின் இடையே

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்கள் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிரதேசமாகும். மேற்கே பச்சைமலை நிற்கிறது. அம்மலைப் பக்கத்தில் பெய்யும் மழையில் ஒரு பகுதி சின்னாறாக ஓடி வெள்ளாற்றில் சேருகிறது. மற்றொரு பகுதி மருதையாறாக ஓடிக் கொள்ளிடத்தில் விழுகிறது. ஆகவே நமது மேட்டு நிலத்தில் விழும் ஒரு மழைத்துளி வடக்கே சரிந்தால் பரங்கிப்பேட்டை வழியாகவும், தெற்கே சரிந்தால் கொள்ளிடத்தின் முகத்துவாரம் வழியாகவும் கடலை அடைகின்றது.

வெள்ளாறு சேலத்துப் பக்கத்து மலைகளினின்று வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடிப் பிறப்பது. சுவேதம் என்பதற்கு வெண்மை என்று பொருள். தொழுதூரில் அதன் நீரின் ஒரு பகுதி திருப்பப்பெற்றுத் திட்டக்குடிப் பக்கத்திலுள்ள வெலிங்டன் ஏரியை நிரப்புகின்றது. கொள்ளிடமோ காவேரியின் கிளை. குடகு மலையில் தலைக்காவேரியில் தோன்றிச் சுமார் 500 மைல் ஓடும் காவேரியானது திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. வடக்குக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்குக் கிளை காவேரி என்ற பெயருடனேயே தஞ்சைத் தரணிக்குப் பாய்கின்றது. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாக அமைந்திருக்கிறது. இந்தப் பிரிவின் கதையைப் பின்னர்ச் சொல்லுவோம். அதற்குமுன் வெளிநாட்டு நதிகளைச் சற்றுப் பார்த்து வருவோம்.

ஏந்துவதும் இறக்குவதும்

பூகோள சாஸ்திரிகள் நதிகளை நீளத்தால் வரிசைப்படுத்துவர். நைல் நதி சுமார் 4,100 மைல். அமேசான் சுமார் 4,000 மைல். சீனாவின் யாங்சி சுமார் 3,900 மைல். மிஸ்ஸிஸிப்பி நதியை அதன் உபநதியாகிய மிஸௌரியுடன் சேர்த்து அளந்தால் அதுவும் ஏறத்தாழ அவ்வளவே. கங்கை 1,560 மைல் நீளமுடையது. நீரின் அளவில் அமேசானுக்கு ஒப்பானது வேறில்லை. உலகத்து ஆறுகள் யாவும் சமுத்திரங்களில் சேர்க்கும் ஜலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே சேர்க்கின்றது.

நீளமும் நீரும் எவ்வாறாயினும் எல்லா ஆறுகளுக்கும் விதி ஒன்றே. சரிவில் வேகமாக ஓடும் நீர் மண்ணை ஏந்திக்கொள்ளும். சமவெளியில் வேகம் தணிந்தவுடன் ஏந்தியதை இறக்கிவிடும். முதலில் கல்லும் பரலும், பின்னர் மணலும், கடைசியில் வண்டலும் இறங்கும். ஆகையால்தான் மலையடிவாரத்தில் உருண்டைக் கற்களும், நடு ஆற்றில் மணலும், முகத்துவாரத்தில் மிருதுவான சேறும் காணப்படுகின்றன. இவ்வாறு இறக்கிய மண்ணாலேயே கழிமுகச் சமவெளிகள் உண்டாயின. தஞ்சை நிலமும், வங்காளத்தின் தாழ்ந்த பூமியும், எகிப்தின் வடபகுதியும் ஆறுகள் கொடுத்தவையே.

ஆனால் இறக்கும் சுமையால் ஆறு தன் படுகையைத் தானே மேடாக்கிக்கொள்ளுகிறது. படுகை மேடானால் வெள்ளம் கரையைத் தாண்டும். பக்கத்தில் தாழ்ந்த வழி ஒன்று கிடைத்தால் ஆறு பழைய வழியை விட்டு அதில் இறங்கிவிடும். ஆற்றங்கரைக் குடிகளின் பாக்கியம் இந்த விதியினால் வந்தது. அவர்களுடைய ஆபத்தும் அதனாலேயே வந்தது.

நைல் நதி

எகிப்து மழை மிகக் குறைந்த பாலைவன தேசம். அத்தேசத்துக்கு உயிர் நைல் நதி. விக்டோரியா ஏரிப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளை நைலும், எத்தியோப்பிய மலைகளில் டானா ஏரியிலிருந்து வரும் நீல நைலும் சூடான் தேசத்துக் கார்ட்டூம் நகரில் கூடுகின்றன. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் கலங்கல் வெள்ளமாக இறங்கும். எகிப்தியக் குடியானவர் தம் வயல்களை வரப்புக் கட்டிய பாத்திகளாக்கி வெள்ளத்தை உள்ளே விட்டுச் சில வாரங்கள் தேக்கி வைப்பர். நீர் வடிந்தபின் படிந்திருக்கும் புது வண்டலில் விதைப்பர். பல ஆயிரம் ஆண்டுகள் இம்முறையே நடைபெற்றது. வெள்ளத்தின் உயரத்தை அளக்கக் கற்படிகளில் கோடுகள் வெட்டி வைத்திருந்தனர். அந்த அளவைக் கொண்டு அவ்வாண்டின் விளைவையும் வரியையும் மதிப்பிட்டனர்.

1902-ஆம் ஆண்டில் அஸ்வான் என்னுமிடத்தில் கட்டி முடிந்த முதல் அணையில், கலங்கல் வெள்ளம் வரும் மாதங்களில் மதகுகளைத் திறந்துவிட்டு, வண்டல் கழிந்து நீர் தெளிந்தபின் மூடித் தேக்கினர். 1970-இல் முடிவடைந்த உயர் அணையோ வெள்ளம் முழுவதையும் தடுத்தது. அதனால் மின்சாரம் கிடைத்தது. வெள்ளப் பயம் நீங்கியது. வருஷம் முழுவதும் பாசனம் கிடைத்து ஒருபோக நிலங்கள் இருபோகமாயின. இந்நன்மைகளைக் குறைத்துக் கூறுவது நியாயமன்று. ஆனால் வண்டல் சுமார் 300 மைல் நீளமுள்ள நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டது. வயலுக்கு இலவசமாக வந்த உரம் நின்று, கடைச்சரக்கு உரம் வாங்க வேண்டியதாயிற்று. புது மண் வந்து சேராமையால் கழிமுகத்துக் கடற்கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நீரை மாத்திரம் கணக்கிட்டு மண்ணைக் கணக்கில் சேர்க்காததன் பலன் இது.

மஞ்சள் நதி

மண் மிகுந்தால் வரும் கேட்டுக்குச் சீனாவின் ஹுவாங்ஹோ நதியைக் காட்டலாம். மஞ்சள் நதி என்று அதற்குப் பெயர் வந்தது அது சுமக்கும் மண்ணின் நிறத்தால். காற்றால் குவிந்த மெல்லிய மஞ்சள் மண் பீடபூமி ஒன்றை அறுத்துக்கொண்டு அது வருகின்றது. காடு அழிந்து உழவு பரவிய அம்மேட்டு நிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நதி ஆண்டொன்றுக்கு 160 கோடி டன் மண்ணைச் சுமந்ததாகக் கணக்கிட்டிருக்கின்றனர்.

சமவெளியில் அம்மண் படிந்து படுகை உயர, ஜனங்கள் கரையை உயர்த்தினர். படுகை மேலும் உயர்ந்தது. கரையை மேலும் உயர்த்தினர். கைபெங் நகரத்துப் பக்கத்தில் ஆற்றின் படுகை சுற்றியுள்ள பூமியைவிட 20, 30 அடி உயரத்தில் இருக்கிறது. அத்தகைய ஆறு ஒருமுறை கரையை உடைத்தால் மீண்டும் பழைய வழிக்கு வருவது கடினம். 1855-ஆம் ஆண்டில் கரை உடைந்தபோது அதுவரை ஷாண்டுங் முனைக்குத் தெற்கே கடலில் சேர்ந்துவந்த ஆறு, அம்முனைக்கு வடக்கே புது வழி தேடிக்கொண்டது. பழைய முகத்துவாரத்துக்கும் புதியதற்கும் இடையே தூரம் நூற்றுக்கணக்கான மைல். 1887-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மாண்டவர் 9 லட்சத்துக்குக் குறையார் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. 1938-இல் ஜப்பானியப் படையைத் தடுக்கும்பொருட்டுச் சீனப் படையினரே கரையை வெட்டிவிட்டனர். பல லட்சம் குடிகள் அதனால் மாண்டனர். 1947-இல்தான் அந்த உடைப்பு அடைக்கப்பட்டது.

1960-இல் ஸன்மென்ஷியா என்னுமிடத்தில் பெரிய அணையில் நீர் தேக்கினர். நான்கு வருஷங்களுக்குள்ளாகவே தேக்கத்தில் மண் மலைபோல் சேர்ந்துவிட்டது. பின்னர் அணையின் அடியில் புதிய வழிகள் திறந்து, கலங்கலை வெளியே விட்டுத் தெளிநீரைத் தேக்கும் முறைக்கு வந்தனர். அஸ்வானில் 1902-இல் கையாண்ட முறையும் இதுவே. அதனோடு நோயின் மூலத்துக்கும் மருந்து செய்யலாயினர். மேட்டு நிலத்தில் படிப்படியாக வரப்புகள் கட்டி, மரமும் புல்லும் வளர்த்து, ஓடைகளில் தடுப்புகள் அமைத்தனர். இவற்றாலும் மேலே கட்டிய அணைகளாலும் ஆற்றில் வரும் மண் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது.

நமது தேசத்தில் இதற்கு இணையாகக் கூறத்தக்கது பீஹாரின் கோசி நதி. இமயமலையிலிருந்து மணலைச் சுமந்து கங்கையில் சேரும் அந்நதி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மேற்கு நோக்கி 70 மைலுக்குமேல் நகர்ந்தது. பின்னர் இருபுறமும் கரை கட்டினர். 2008-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி நேபாளத்துக் குசாஹாவில் கரை உடைந்தபோது, ஆறு கைவிட்ட பழைய வழியிலேயே பாய்ந்தது. 30 லட்சம் ஜனங்கள் அவதியுற்றனர். ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை.

மிஸ்ஸிஸிப்பி

அமெரிக்க ஐக்கிய நாட்டு மிஸ்ஸிஸிப்பி நதியிலிருந்து அதன் கீழ்ப்பகுதியில் அச்சாபலாயா என்னும் கிளை ஒன்று பிரிகின்றது. பிரியும் இடத்திலிருந்து கடலுக்குப் பெரிய ஆற்றின் வழியே 300 மைலுக்குமேல். கிளையின் வழியே சுமார் 140 மைல்தான். தூரம் குறைந்தால் சரிவு மிகும். சரிவு மிகுந்தால் நீர் அங்கே இழுக்கும். வருஷத்துக்கு வருஷம் கிளையில் செல்லும் நீர் பெருகிக்கொண்டே வந்தது. அப்படியே விட்டால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்தின் ஆறு வெறும் உப்பங்கழியாகிவிடும் என்று கண்டு, 1963-இல் மதகணை கட்டிக் கிளைக்கு 100-க்கு 30 பங்கு என்று வரையறுத்தனர். 1973-ஆம் வருஷத்து வெள்ளம் அம்மதகணையின் அஸ்திவாரத்தைக் குடைந்து, அது விழுந்துவிடும் நிலைமையை உண்டாக்கியது. 1986-இல் துணை மதகணை ஒன்றும் கட்டினர். ஆற்றைப் பங்கிடுவது ஒரு நாளில் முடியும் வேலையன்று; ஆண்டுதோறும் காவல் இருக்கவேண்டிய வேலை என்பதற்கு இது சாட்சி.

காவேரியும் கொள்ளிடமும்

அமெரிக்கர் இந்தச் சங்கடத்தைத் தீர்த்ததற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதே சங்கடம் முக்கொம்பில் எழுந்தது. கொள்ளிடம் காவேரியைவிடத் தாழ்ந்தது, அதன் வழி நேரானது, சரிவு மிக்கது. காவேரியின் வாயிலோ மணல் மேடிட்டு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவேரி நீர் பெரும்பாலும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலில் வீணாயிற்று. தஞ்சை நிலங்கள் தரிசாகும் ஆபத்து வந்தது.

இந்த ஆபத்தைப் பூர்வகாலத்துத் தமிழர் அறியாதவரல்லர். ஸ்ரீரங்கம் தீவின் கீழ்க்கோடியில் காவேரி மீண்டும் கொள்ளிடத்தை நெருங்குமிடத்தில், அது அதிலே விழுந்துவிடாதபடி தடுக்கும் கல்லணையைக் கரிகாற் சோழன் கட்டியதாக வழங்கி வருகின்றோம். ஆழம் காணமுடியாத மணலின்மேல் கற்களை இட்டு எழுப்பிய அணை அது. ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேய இஞ்சினீயர் மணலில் அஸ்திவாரம் அமைக்கும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே தாங்கள் கற்றதாக எழுதியிருக்கிறார். அந்த வித்தையைக் கொண்டு அவர் 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதே ஆண்டில் கீழ்க்கொள்ளிடத்தில் கீழணையும் எழுந்தது. பின்னர்க் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் அவர் மேற்பார்வையில் உண்டாயிற்று.

மேலணை கட்டியதும் வேறொரு விசித்திரம் நிகழ்ந்தது. இப்பொழுது காவேரிக்குள் நீர் அளவுக்கு மிஞ்சிப் புகுந்து, அதன் படுகையை அறுக்கலாயிற்று. ஆகவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவேரியின் வாயில் குறுக்குச்சுவர் அமைக்கவும் நேர்ந்தது. ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டு உயரும் தராசு போன்றது ஆறு.

இத்தராசை நம் காலத்தில் அசைத்தது மணல் எடுப்பு. ஆற்றின் மணல் கட்டடத்துக்கு வேண்டிய சரக்கு என்று மாத்திரம் நினைப்பது தவறு. ஆற்றுக்கு மணல் படுகையாகவும், அணைக்கும் பாலத்துக்கும் அஸ்திவாரமாகவும், ஊற்றுக்கும் கிணற்றுக்கும் நீர்ச்சேமிப்பாகவும் இருக்கின்றது. மணல் போனால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் வாய்க்காலின் தலைப்பு மேலே தொங்கும். ஆற்றில் நீர் ஓடியும் வாய்க்காலில் ஏறாது. கரையோரத்துக் கிணறுகள் வற்றும். கடலை அடுத்த பகுதியில் உப்புநீர் மேலேறும். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் காவேரியில் பெருவெள்ளம் வந்தபோது திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டடத்தின் முதுமையும் வெள்ளத்தின் வேகமும் காரணம் என்றனர் அதிகாரிகள். அளவு கடந்த மணல் எடுப்பே காரணம் என்றனர் விவசாயிகள். எங்ஙனமாயினும், மணலின்மேல் நின்ற அணை மணல் நிலைத்திருக்கும் வரையே நிற்கும் என்பதை மறுப்பார் இலர்.

மேலே மணல் குறைவது ஒரு கேடு; தேக்கத்தில் மண் மிகுவது மற்றொரு கேடு. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையில் சேர்ந்த வண்டலை அள்ளும் வேலை 2017-இல்தான் முதன்முறையாகத் தொடங்கிற்று. இடையே சென்றவை 83 ஆண்டுகள்.

சோழகங்கம்

அரியலூர் ஜில்லாவிலேயே இவ்வளவு கதைக்கும் ஒரு சாட்சி கிடக்கின்றது. முதலாம் இராஜேந்திர சோழன் கங்கை வரை படை செலுத்தி, அந்நதியின் நீரைக் கொணர்வித்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் தன் தலைநகரை அமைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி அது. அந்நகரை அடுத்து அவன் தோண்டுவித்த ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். பொன்னேரி என்றும் வழங்குவர். வென்ற அரசர்கள் கல்லில் வெற்றித்தூண் நாட்டுவது வழக்கம். இராஜேந்திரன் கங்கை நீரையே வெற்றித்தூணாக நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த ஏரியைச் சிறப்பிக்கின்றன.

ஏரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீளமிருந்ததென்றும், தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்குமேல் நீண்ட வாய்க்காலும் வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிய வாய்க்கால் ஒன்றும் அதற்கு நீர் கொணர்ந்தனவென்றும் 1855-இல் வெளிவந்த தென்னிந்திய விவரத் தொகுப்பு ஒன்று கூறுகின்றது. நமது பிரதேசத்தின் எல்லையான இரண்டு ஆறுகளையும் ஒரே ஏரியில் கூட்டி வைத்த ஏற்பாடு அது. அதே நூல் எழுதப்பட்ட காலத்தில் ஏரி பாழடைந்து, உட்புறம் காடு மண்டிக் கிடந்தது. படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்தனர் என்பது ஊரார் வழக்கு. அது உண்மையாயின் உடைத்தது சில நாள் வேலை. அடைக்காமல் விட்டதோ பல நூற்றாண்டுகள். ஏரியைக் கெடுத்த பழியில் பெரும்பங்கு யாருடையதென்று நாமே தீர்மானிக்கலாம்.

கீழணை கட்டுவதற்குக் கல் வேண்டியிருந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வெளிமதிற் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயினர். ஊரார் தடுத்தும் பயனில்லை, தண்டனையே கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேற்றப்படவில்லை என்று அந்த 1855-ஆம் வருஷத்து நூலே வருந்திக் கூறுகின்றது. இன்றைக்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் செல்லுகின்றது. 2004 முதல் அவ்வேரி நீர் சென்னைப் பட்டணத்தின் தாகத்தையும் தீர்க்கின்றது. வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்தது. அவனது வீரநாராயணன் என்ற பட்டப் பெயரையே தாங்குவது. சோழகங்கத்துக்கும் மூத்த ஏரி. சோழர் ஏரிகள் இரண்டில் ஒன்று நிரம்புகின்றது. மற்றொன்று தன் பழைய பெருமையை இழந்தது. வரத்து வாய்க்காலையும் கரையையும் விடாது பராமரித்ததற்கும், கைவிட்டதற்கும் உள்ள வித்தியாசமே அது.

நம் ஊர்களில் செய்யத்தக்கவை

நைல் நதியையோ மஞ்சள் நதியையோ திருத்துவது நம் வேலையன்று. ஆனால் மஞ்சள் நதிக்கு நேர்ந்தது சிறிய அளவில் நமது ஒவ்வோர் ஏரியிலும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பச்சைமலைச் சரிவிலும் மானாவாரிப் பருத்திக் கொல்லையிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் கரையும் மண் ஓடையில் இறங்கி ஏரியில் தங்குகின்றது. ஏரி ஓர் அடி தூர்ந்தால் அந்த ஓர் அடி நீர் கலிங்கின்மேல் வழிந்து போய்விட்டது என்றே பொருள்.

முன்னாளில் ஏரி வேலையை ஊரார் முறை வைத்துச் செய்துவந்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-இல் சென்னை ராஜதானி சர்க்கார் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியும், ஊரின் மனம் சேராமையால் பழக்கம் தேய்ந்தது. சட்டத்தால் மண்வெட்டியைக் கையில் கொடுக்கலாம். ஒற்றுமையைக் கொடுக்க முடியாது. 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 2017-இல் குடிமராமத்துப் பெயரிலேயே வேலைகள் மீண்டும் தொடங்கின. விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதி ஏற்பட்டது. இவற்றை உபயோகித்துக்கொள்வது சங்கங்களின் கையில் இருக்கிறது. வண்டி வாடகையும் இயந்திர வாடகையும் தனி ஒருவருக்குப் பாரம். இருபது பேர் சேர்ந்தால் அது பாரமன்று.

வண்டல் எடுப்பதிலும் முறை உண்டு. அனுமதி பெற்ற பின்னரே மண்ணில் கை வைக்கவேண்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டலாகாது, கரை சரியும். மதகின் வாய்மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அதில் நிற்கும் நீர் தானாக ஆயக்கட்டுக்குப் பாயாது. ஏரியின் அடியிலுள்ள இறுகிய களியை உடைத்தால் நீர் கசிந்து போகும் இடங்களும் உண்டு. ஆகவே மேலே படிந்த புதிய வண்டலை ஏரி முழுவதும் சமமாக அள்ளுவதே நலம். அதை நிலத்தில் இடுமுன் மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பி, உவர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மணற்பாங்கான செம்மண் நிலத்துக்கும் மெலிந்த சரளை நிலத்துக்கும் வண்டல் மிக்க பயன் தரும். ஈரத்தைப் பிடித்து வைக்கும். முன்பே களிப்பு மிகுந்த கரிசல் நிலத்துக்கு அவ்வளவு பயன் தராது. அங்கே தொழு உரமும் பசுந்தாள் உரமுமே மேல்.

அள்ளுவதைவிட வராமல் தடுப்பது உத்தமம். மேட்டுக் கொல்லையில் சரிவுக்குக் குறுக்கே உழுவதும், சம உயர வரப்பு எடுப்பதும், வரப்பில் புல் வளர்ப்பதும், ஓடைத் தலைப்பில் கல் தடுப்பு இடுவதும் சீனத்து மேட்டு நிலத்தை மாற்றிய வேலைகளே. ஒருவர் மாத்திரம் செய்தால் பயன் குறைவு. மேல்கொல்லைக்காரர் செய்யாவிடில் கீழ்க்கொல்லைக்காரர் வரப்பு ஒரே மழையில் உடையும். ஆகையால் இது சங்கம் கூடித் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஏரியில் அடிக்கோடிட்ட அளவுக்கல் ஒன்றை நட்டு, ஒவ்வொரு கோடையிலும் எத்தனை அங்குலம் தூர்ந்தது என்று சங்கத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தால், வரவு செலவுக் கணக்கைப்போல் ஏரியின் கணக்கும் எல்லோருக்கும் தெரியும். எகிப்தியர் கற்படியில் கோடு வெட்டி வைத்ததும் இதற்காகவே.

ஆற்று மணலோ இதற்கு நேர்மாறு. ஏரியின் வண்டல் வயலுக்குப் போகவேண்டிய பொருள். ஆற்றின் மணல் ஆற்றிலேயே இருக்கவேண்டிய பொருள். சின்னாற்றிலும் மருதையாற்றிலும் வெள்ளாற்றிலும் இரவில் வண்டி இறங்குவதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பவர், தம் கிணற்றின் நீரையே விற்கச் சம்மதிக்கின்றவராவர். ஒரு லோடு மணலுக்குக் கிடைக்கும் பணம் ஒரு வாரத்தில் செலவாகிவிடும். தாழ்ந்த படுகை நிரம்புவதற்கு எத்தனை வெள்ளம் வரவேண்டுமோ!

அடுத்த மழைக்கு முதல் வெள்ளம் வரும்பொழுது, தொடக்கத்தில் சொன்ன கண்ணாடிப் பாத்திரத்தைச் சங்கத்துக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் தங்குவது யாருடைய கொல்லை மண் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். அக்கேள்வியிலிருந்து வேலை தொடங்கினால் போதுமானது.